செலஸ்தீன் மதாமின் அம்மா கொடுத்த அளவு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பேய் பார்த்தவன் இல்லை, பார்த்ததாகச் சொல்லப் போவதும் இல்லை. எங்கள் வீட்டில் ராகு காலம்கூடப் பார்க்க மாட்டார்கள். அப்பா மில்லில் தறி ஓட்டியவர், யூனியன்காரர். தெருவில் யாருக்காவது சாமி வந்து ஆடினால், "நெழல்ல உக்கார வச்சித் தண்ணி குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். நானும் அவர் பிள்ளைதான். முதலியார்பேட்டையில் வீடு, ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டின் மேலேயே தையல் கடை, நடுவில் போக வர ஒரு பழைய மொபெட். என் பிழைப்பு அவ்வளவுதான். நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை. என் மனைவி செல்வியே முதலில் சிரித்தாள். ஆனால் நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், அப்புறம் நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்கும் நிம்மதி.

சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம், நல்ல கத்திரி வெயில். செலஸ்தீன் மதாம் என்று என் கடைக்கு வெகு நாளாக வருகிற ஒரு அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து விலகியவர். பெயரைக் கேட்டால் வெள்ளைக்காரி என்று நினைப்பீர்கள், பேசினால் நம்ம ஊர்த் தமிழ், முகத்தைப் பார்த்தால் சீனாக்காரர் மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது நேபாளம் பக்கமோ என்று நினைத்துவிட்டேன். பிறகுதான் விவரம் தெரிந்தது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கும் தெரியாது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரி ஆட்கள் நிறையப் பேர் வியத்நாமில் சைகோனுக்குப் போயிருக்கிறார்கள். பட்டாளத்தில், சுங்கத்தில், போலீஸில், கலங்கரை விளக்கத்தில் என்று எல்லா வேலைக்கும். அங்கே மாரியம்மன் கோயில்கூடக் கட்டி வைத்திருக்கிறார்கள், இப்போதும் அந்த ஊர்க்காரர்கள் வந்து ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்களாம். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, பிரெஞ்சுக்காரன் அந்த நாட்டை விட்டபோது பெண்டாட்டி பிள்ளைகளோடு கப்பலேறி இங்கே வந்தவர்கள் உண்டு. அந்த வீடுகளில் ஞாயிற்றுக்கிழமையானால் அரிசி அப்பளத்தில் கறியைச் சுருட்டி எண்ணெயில் பொரிப்பார்கள், சாயோ என்று பெயர். மதாம் ஒரு தடவை எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார், நன்றாகத்தான் இருந்தது.

மதாமின் அப்பா அப்படிப் போன பட்டாளத்துக்காரர். அம்மா வியத்நாம்காரர். மதாமுக்கு மூன்று வயதாக இருக்கும்போது வந்தார்களாம், கூட ஒரு அண்ணன், மிஷேல் என்று பெயர், அவர் பிரான்ஸில் இருந்தார். அப்பா போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம். அம்மாவும் மகளும்தான் அந்த வீட்டில்.

அன்றைக்கு மதாம் கடைக்கு வந்து, "மாஸ்டர், மமானுக்கு ஒரு ஆவ்யாய் தைக்கணும். வீட்டாண்ட வந்து அளவு எடுத்துக்கினு போறீங்களா? அவுங்கள வெளிய கூட்டிக்கினு வர முடியாது" என்றார். மமான் என்றால் அம்மா. ஆவ்யாய் என்பது அந்த ஊர்ப் பெண்கள் உடுத்துகிற நீளச் சட்டை, நின்ற கழுத்துப் பட்டை, இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் பிளவு, உள்ளே தொளதொள பேண்ட். எதற்கு இப்போது திடீரென்று என்று கேட்டேன். அவர் குரலை இறக்கிக்கொண்டு, "பொட்டியில வைக்கும்போது அதத்தான் போடணும்னு மொதல்லயே சொல்லி வச்சிருக்காங்க. பழசு நைஞ்சி போச்சி" என்றார்.

வழியில் மீதியையும் சொன்னார். அம்மாவுக்கு எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று வருஷமாக ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் பிரெஞ்சு போனது, அப்புறம் தமிழ் போனது. நாற்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் மீன்காரியிடம் பேரம் பேசிய தமிழ், ஒரு சொல் இல்லாமல் போய்விட்டது. இப்போது வாயைத் திறந்தால் வியத்நாம் பாஷைதான். மகளுக்கோ அது தெரியாது. அப்பா வீட்டில் அந்தப் பாஷையைப் பேச விட்டதே இல்லையாம், மதாமுக்குச் சோறு, தண்ணீர், சரி, வேண்டாம், வா என்கிற மாதிரி சில சொற்கள்தான் புரியும். முன்பு இன்னொரு வியத்நாம் அம்மா வந்து பேசிக்கொண்டிருப்பாராம், அவரும் இறந்துவிட்டார்.

"இப்ப ரெண்டு மாசமா என்னமோ கேக்கறாங்க மாஸ்டர். லான், லான்னு சொல்றாங்க. எத எடுத்துக் குடுத்தாலும் தள்ளி வுடுறாங்க. சரியா சாப்பிடறதில்ல. கேட்ட தெறந்து வச்சா கெளம்பிடறாங்க. ஒரு நாளு கடக்கரை வரைக்கும் போயிட்டாங்க, ஒரு ஆட்டோக்காரரு பாத்து கொண்டாந்து வுட்டாரு. பெத்த அம்மா கேக்கறது எனக்குப் புரியல. புரியாமலே போயிடுவாங்களோன்னு பயமா கீது." டீச்சரம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்குப் போனபோது மூன்று மணி இருக்கும். கரண்ட் இல்லை. ஜன்னலை ஒருக்களித்து வைத்திருந்தார்கள், உள்ளே வெளிச்சம் போதுமான அளவு இருந்தது. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தம்மா மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சின்ன உடம்பு, வெள்ளை முடியை இழுத்து முடிச்சுப் போட்டிருந்தார், கால் தரையில் படவில்லை. என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மதாம் பழைய ஆவ்யாயைக் கொண்டுவந்து விரித்தார், பட்டு, மடிப்பிலெல்லாம் விட்டுப் போயிருந்தது. கழுத்தில் தொடங்கி அக்குளுக்கு வந்து பக்கவாட்டில் இறங்குகிற பட்டன் வரிசை, அதை நான் முன்னே பின்னே தைத்ததில்லை, அதனால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நீங்க பாருங்க, நான் காபி போட்டு எடுத்தாரேன்" என்று மதாம் சமையலறைக்குப் போனார்.

டேப்பை எடுத்துக்கொண்டு, "தோள் அளவு எடுக்கலாமாம்மா?" என்றேன். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை, தொழில் பழக்கம்.

"எனக்கு வேணாம்பா" என்றார் அந்தம்மா. "நான் போற எடத்துக்கு எதப் போட்டா இன்னா? பெரியவளுக்குத் தை."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதான் விஷயம். தமிழ் பேச மாட்டார் என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறேன், அது நினைவுக்கே வரவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசுகிற மாதிரி பேசினார், நானும் பேசினேன்.

"எந்தப் பெரியவங்கம்மா?"

"லானுக்கு. என் மொத புள்ள. எங்கம்மா ஊட்டுல வுட்டுட்டு வந்தேன். இவரு பேப்பர்ல சின்னதுங்க ரெண்டு பேருதான் இருந்துது, அவ பேரு இல்ல. அவ இவருக்குப் பொறந்தவ இல்ல. அடுத்த கப்பல்ல கூட்டிக்கலாம்னாரு. ஆத்தங்கரையில நின்னுது. அழுவல. வரும்போது புதுச் சட்ட எடுத்தாந்து குடுன்னு சொல்லிச்சி."

"வயசு என்னாம்மா அவுங்களுக்கு?"

"ஒம்பது."

நாற்பத்தைந்து வருஷத்துக்கும் முந்திய கதையைச் சொல்கிறார், வயது ஒன்பது என்கிறார், அதில் ஏதாவது இடிக்கிறதே என்றாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் கையிலிருந்த டேப்பை வாங்கி ஒரு முனையைத் தரையில் விட்டு, மேலே இழுத்து, ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார். என் பெண் நாலாம் வகுப்பு படிக்கும்போது இருந்த உயரம். தோளுக்குத் தன் கையால் ஒரு சாண் போட்டு இன்னும் கொஞ்சம் என்று காட்டினார். என்ன நிறம் என்று கேட்டேன், கத்திரிப்பூ என்றார். சரிம்மா என்று சொல்லி டேப்பைச் சுருட்டினேன். என் நினைவில் இருப்பது இவ்வளவுதான்.

நிமிர்ந்தால் வாசல்படியில் மதாம் காபித் தட்டோடு நிற்கிறார். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பாட்டியம்மாவுக்கு நல்லாத்தான் ஞாபகம் கீது மதாம்" என்றேன் நான் சாதாரணமாக. "அவுங்களுக்கு வேணாமாம். ஒங்க அக்காவுக்குத் தைக்கச் சொல்றாங்க."

"எனக்கு அக்கா இல்ல" என்றார் மதாம். அப்புறம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "மாஸ்டர், நீங்க எங்க கத்துக்கினீங்க?" என்று கேட்டார்.

"எத மதாம்?"

"வியத்நாம் பாஷை. ரெண்டு பேரும் அதுலதான பேசிக்கினு இருந்தீங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் தமிழில்தான் பேசினேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தம்மாவிடம் திரும்பி, "லான்தானம்மா? கத்திரிப்பூ கலருதான?" என்று கேட்டேன். அவர் என்னை யாரோ என்பது போலப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். ஏறி இறங்குகிற ஓசை மட்டும்தான் காதில் விழுந்தது, ஒரு சொல் பிடிபடவில்லை. அந்தக் கத்திரி வெயிலில் என் முதுகு சில்லென்று ஆனது அப்போதுதான், அதற்கு முன்னால் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே மதாம் பிரான்ஸுக்குப் போன் போட்டிருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்து சொன்னார். லான் என்ற பேரைச் சொன்னதும் மிஷேல் அழ ஆரம்பித்துவிட்டாராம். ஐம்பதைத் தாண்டிய மனுஷர். அக்கா இருந்தது உண்மை. அம்மாவின் முதல் புருஷன் படகோட்டி, செத்துப்போனவர், அவருக்குப் பிறந்தவள். கப்பலேறிய பிறகு அந்தப் பேரை யாரும் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டாராம், ஐந்து வயதில் கேட்டதை இவர் இன்றுவரை காப்பாற்றியிருக்கிறார். "ஆனா ஒன்னு இடிக்குது மாஸ்டர். அண்ணனவிட அவுங்க ஒரு வயசுதான் பெரியவங்களாம். உட்டுட்டு வரும்போது ஆறு வயசுதான். மமான் ஒம்பதுன்னு சொன்னாங்கன்றீங்க?" என்று கேட்டார்.

ஒன்பது என்றுதான் சொன்னார், விரல் வைத்த அளவும் அதுதான் என்றேன். ஞாபகம் தப்பியவர், கூட்டிச் சொல்லியிருப்பார் என்று இருவரும் முடிவு செய்துகொண்டோம். நான் ஒன்பதுக்கே தைத்தேன். கத்திரிப்பூ நிறப் பட்டு எங்கள் கடைத்தெருவிலேயே கிடைத்தது. கழுத்துப் பட்டையை இரண்டு தடவை பிரித்துப் போட்டேன். அந்தம்மாவுக்கும் ஒன்று வெள்ளையில் தைத்தேன், பழைய சட்டையைப் பார்த்தே அளவெடுத்துக்கொண்டேன், நேரில் போய் எடுக்க மனம் வரவில்லை.

கொண்டுபோய்க் கொடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். சின்னதைக் கையில் வாங்கி, பட்டன் பட்டனாகத் தடவிப் பார்த்தார். நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சி குடித்தாராம். அதற்குப் பிறகு கேட் பக்கமே போகவில்லை, லான் என்று கேட்கவும் இல்லை. மதாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டையைக் காட்டி, "லான்" என்று சொன்னால், மகளின் கன்னத்தைத் தொடுவாராம். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது கடைசியில் அந்த ஒரு சொல்தான் என்று மதாம் சொன்னார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குள் நான் மூன்று நாலு தடவை சும்மா போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் பேசுவார், எனக்கு ஒன்றும் விளங்காது. என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிற ஒரு டாக்டரம்மாவிடம் கேட்டேன். மறந்த பாஷை சில சமயம் கொஞ்ச நேரம் திரும்பி வரும், அவர் தமிழிலேயே பேசியிருப்பார், தூரத்திலிருந்து கேட்டதில் மகளுக்குத்தான் குழப்பம் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது, நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஆனால் மதாம் ஒன்று சொன்னார். அம்மா நன்றாகத் தமிழ் பேசிய காலத்திலேயே அவருக்கு "ழ"வும் வராது, "ர"வும் வராது, "ஆத்தங்கரை" என்று ஒருநாளும் சொன்னதில்லை, "தண்ணி பக்கம்" என்றுதான் சொல்வாராம். நான் கேட்டது சுத்தமான முதலியார்பேட்டைப் பேச்சு.

அடக்கத்துக்கு வந்த மிஷேல் அந்தச் சின்னச் சட்டையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வருஷம் வியத்நாமுக்கே போய், மீத்தோ என்கிற ஆற்றோர ஊரில் விசாரித்து, அம்மா வழிச் சொந்தம் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். லான் உயிரோடு இல்லை. இவர்கள் கப்பலேறி மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயதில். இங்கே யாருக்கும் சேதி அனுப்ப அவர்களிடம் விலாசமே இல்லையாம். மிஷேல் சட்டையை அவள் சமாதியின் மேல் விரித்து வைத்துவிட்டு வந்தார். யார் மூலமாவது அம்மாவுக்கு அந்தச் சேதி அப்போதே வந்திருக்கலாம், மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம், அப்படியும் சொல்லலாம். நான் வாதாட வரவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மதாம் வீட்டை விற்றுவிட்டு அண்ணனோடு இருக்கப் பிரான்ஸுக்குக் கிளம்பினார். போவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போகக் கடைக்கு வந்தார். மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "மாஸ்டர், ஒன்னு ஒங்க கிட்ட சொல்லாம வச்சிருந்தேன். பயந்துடுவீங்கன்னு" என்றார்.

"சொல்லுங்க மதாம்."

"அன்னிக்கி நான் காபி போட்டு எடுத்துக்கினு ஒடனே வந்துட்டேன். கதவாண்டயே நின்னுட்டேன். மமான் கொஞ்ச நேரந்தான் பேசினாங்க. அப்புறம் நீங்கதான் பேசினீங்க. ரொம்ப நேரம் பேசினீங்க. அவுங்க ஒங்க மொகத்தையே பாத்துக்கினு கேட்டுக்கினு இருந்தாங்க, கண்ணுல தண்ணி ஊத்துது. உள்ள வர எனக்குக் கால் வரல."

நான் மெஷினிலிருந்து காலை எடுத்துவிட்டேன். நான் கேட்டது நாலைந்து கேள்வி. யாருக்கு, என்ன வயது, என்ன உயரம், என்ன நிறம். அளவெடுக்கப் போனவன் வேறு என்ன பேசுவேன்?

"என் கொரல்தானா மதாம்?"

"ஒங்க கொரல்தான். அதுல சந்தேகமே இல்ல."

"என்னா பேசினேன்?"

"எனக்குத் தெரிஞ்ச வார்த்த ஒன்னுதான் இருந்துது. மா, மான்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு சொன்னீங்க. அம்மான்னு அர்த்தம்."

நான் அந்த மத்தியானத்தை எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் கத்திரிப்பூ என்றார், நான் சரிம்மா என்றேன், டேப்பைச் சுருட்டினேன், நிமிர்ந்தேன். நடுவில் ஒரு நூல் நுழைகிற இடைவெளிகூட இல்லை. அவ்வளவு நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

மதாம் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டார். நான் பின்னாலேயே போய், நான் பேசி முடித்ததும் அம்மா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். விழுப்புரம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அது போகும்வரை நின்றுவிட்டுச் சொன்னார்.

"ஒரே வார்த்ததான் சொன்னாங்க. அது எனக்குத் தெரியும். சரின்னாங்க."

எதற்குச் சரி என்றார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதை அவரிடம் கேட்டதோ என் வாய்தான்.